உப்பளக் கொடையின் புண்ணியம் யாருக்கு?

மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயிலுக்கு விடப்பட்ட உப்பளங்கள் இடம்பெறுகின்றன. அந்தக் கொடையின் புண்ணியம் யாரைச் சேரும்? கொடுத்தவரை என்பதே வழக்கமான பதில். எனக்கு அது போதவில்லை. வயலைத் தரிசாக விட்டாலும் புல்லாவது முளைக்கும். உப்பளத்தில் ஆள் இறங்காவிட்டால் அது வெறும் களர். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் காயவிட்டு, படியும் உப்பைக் கூசும் வெளிச்சத்தில் பலகையால் வாரி வரப்பில் குவிக்க வேண்டும். நடுவில் ஒரு மழை பெய்தால் அத்தனையும் கரைந்துவிடும். ஆகவே இறைவனுக்குப் போய்ச் சேர்ந்ததில் பெரும்பங்கு அளத்துக்காரர்களின் உழைப்பு.

கூலி கொடுத்தாயிற்றே என்பார்கள். புண்ணியம் விலைக்குக் கிடைக்காது என்று போதிக்கும் மரபு, அது கூலியோடு கைமாறிவிட்டதாகச் சொல்ல முடியாது. கொடுக்கும் எண்ணமே இல்லாதவருக்குத் தானப் பலன் ஏது என்ற மறுப்புதான் வலுவானது. அதற்கு இன்னொரு உப்பளக் கரையான வேதாரண்யத்திலேயே விடை இருக்கிறது. விளக்கு நெய்யைத் தின்ன வந்த எலி அறியாமல் திரியைத் தூண்டியது. அதற்காகவே மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியானது என்கிறது அத்தலத்தின் கதை. பசிக்கு வந்த எலிக்கு அருள் உண்டென்றால், பிழைப்புக்காக உப்பு வாரியவர்களுக்கும் அந்தக் கொடையில் பங்கு உண்டு. கல்வெட்டில் பெயர் இல்லாததால் அது குறைந்துவிடாது.