அச்சமும் நகையும்

1980-இல் ஜப்பானில் தோன்றிய ‘பேக்-மேன்’ என்னும் திரை விளையாட்டில் நான்கு பேய்கள் நம்மைத் துரத்துகின்றன; பெரிய புள்ளி ஒன்றை விழுங்கினால் அவையே நீலநிறமாகி அஞ்சி ஓடுகின்றன. அச்சம் நகையாகிறது. இல்லத்தில் மக்களோடு அதனை ஆடி யாம் மகிழ்வதுண்டு.

1996-இல் வெளிவந்த ‘ரெசிடென்ட் ஈவில்’ அத்தகையதன்று. அதன் இருண்ட மாளிகையில் நடைப்பிணம் திரும்பிப் பார்த்ததும் எம் இளைய மகள் அலறினாள், யாம் நகைத்தோம். அவள் எழுந்து சென்றாள். அதன்பின் தன் அச்சம் எதனையும் எம்மிடம் கூறினாளில்லை.

நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் எள்ளலைத் தொல்காப்பியர் முதலில் வைத்தார். இளமையை அடுத்து வைத்தார். யாம் அவளோடு நகைத்தோமா, அவளை எள்ளி நகைத்தோமா? பேய் பொய், அவள் அச்சமோ மெய். மெய்யை எள்ளியது எம் பிழை. எமக்கும் நெஞ்சு நடுங்கியது என்பதை இனியேனும் அவளிடம் ஒப்புக்கொள்வோம். அதன்பின் இருவர்க்கும் எழும் நகையே இல்லத்துக்குரிய நகை.