கைராசி என்னும் சாக்கு

"ஆளு சிடுமூஞ்சிதான், ஆனா நல்ல கைராசிக்காரரு." நாகர்கோவிலில் எந்த கிளினிக் வாசலில் காத்திருந்தாலும் இப்படி ஒரு பேச்சு காதில் விழும். ராசிபலனைக் கேலி செய்கிற வாத்தியார்கூட டாக்டரின் கைக்கு ராசி உண்டென்று நம்பித்தான் டோக்கன் வாங்குகிறார்.

அந்த ராசியைப் பிரித்துப் பார்த்தால் என்ன இருக்கிறது? நோயாளி சொல்வதைக் கடைசிவரை கேட்பது. செய்யப்போவதைப் புரியும்படி சொல்வது. தெரியாததைத் தெரியாது என்பது. நர்ஸ் பிழையைச் சுட்டினால் எரிந்துவிழாமல் திருத்திக்கொள்வது. எல்லாம் பழகிக் கற்கிற வேலைகள். பிறவிக் குணம் என்று பெயர் வைத்துவிட்டால், சொல்லித்தரும் பொறுப்பு யாருக்கும் இல்லை. படிப்பும் சில சாதிகளுக்குத்தான் வரும் என்று திருவிதாங்கூர் காலத்தில் இதே மண்ணில் நம்பினார்கள். 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தப் பிறவிக் குணம் எங்கே போயிற்று?

ஆனால் இந்தப் படித்த மாவட்டத்தில், ஆபரேஷனுக்கு முன் நீட்டப்படும் ஒப்புதல் படிவத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் எத்தனை பேர்? மருத்துவக் கல்லூரிகளில் அதை நீட்டுபவர் பெரும்பாலும் பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர். கத்தி பிடிக்க மூன்று வருடம் பக்கத்தில் நின்று சொல்லித்தருகிற பேராசிரியர், இதற்கு மட்டும் "போய்க் கையெழுத்து வாங்கிட்டு வா" என்று அனுப்பிவிடுகிறார். வாங்க வேண்டியது கையெழுத்துதான் என்று அந்தப் பிள்ளையும் கற்றுக்கொள்கிறது. யாரோ ஒருவரின் ஒப்புதல் போதும் என்று நினைத்தால் என்ன ஆகும்? 1995இல் டெல்லியில், பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்டிருந்த 44 வயதுப் பெண்ணின் கருப்பையை, வெளியே இருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கி அகற்றினார்கள். உயிர்போகும் அவசரம் எதுவும் இல்லை, தாயின் ஒப்புதல் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம், 2008இல். கண் விழித்ததும் அந்தப் பெண்ணிடமே கேட்டிருக்கலாம்.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனை ஓ.பி. கூட்டத்தைப் பார்த்தவர்கள் நேரம் எங்கே என்பார்கள். நியாயம்தான். ஆனால் 1984இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கிட்டார். 2002இல் வெளிவந்த சுவிட்சர்லாந்து ஆய்வில் குறுக்கிடாமல் விட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 92 நொடியில் நோயாளிகளே பேச்சை முடித்துக்கொண்டார்கள். நம் ஊர்ப் பாட்டிமார் பேரன் கல்யாணத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். மூன்று நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம்.

இதைக் கற்றுத்தர ஏற்பாடே இல்லை என்றும் சொல்ல முடியாது. முதுநிலை மருத்துவக் கல்விக்கான 2023 விதிகளின்படி மாணவர் அறநெறிப் பாடம் முடித்த சான்று இல்லாமல் தேர்வு எழுத முடியாது. சான்று கையில் இருந்தால் அறம் வந்துவிட்டது என்பது, அர்ச்சனை ரசீதைக் காட்டிப் புண்ணியம் கேட்பது மாதிரி. எம்.எஸ். செய்முறைத் தேர்வில் கட்டியைச் சரியாகச் சொன்னவருக்கு மதிப்பெண் கிடைக்கிறது. கூடவே அந்த மாணவரை, குளச்சலிலிருந்து வந்த ஒரு மீன்காரப் பாட்டியிடம் அவருக்குச் செய்யப்போகும் ஆபரேஷனை விளக்கச் சொல்லுங்கள். பாட்டி தன் பேச்சிலேயே அதைத் தேர்வு நடத்துபவரிடம் திருப்பிச் சொல்லட்டும். பாட்டியால் சொல்ல முடியவில்லை என்றால், ஃபெயில் ஆக வேண்டியது டாக்டர்.