தண்டியடிகளின் கயிறு

திருவாரூர்க் கமலாலயக் குளத்தின் விஸ்தீரணத்தைக் கண்ணாரக் கண்டவர்களுக்கு, பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் அதைத் தம் கையாலேயே தோண்டி விரிவாக்க முற்பட்டார் என்னும் செய்தி முதலில் நம்பற்கரியதாகவே தோன்றும். ஆனால் 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார், நாயன்மார்களில் ஒருவரான தண்டியடிகள் அக்காரியத்தை எவ்விதம் செய்தார் என்பதை விவரமாகவே சொல்லியிருக்கிறார். குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிற்றை இழுத்துக் கட்டி, அதைத் தடவிக்கொண்டே உள்ளே இறங்குவதும், வெட்டிய மண்ணைக் கூடையில் சுமந்து அதே கயிற்றின் வழியே கரையேறிக் கொட்டுவதுமாக அடிகள் உழைத்தார். அயற்சமயத்தார் சிலர் வந்து பரிகசித்து, அவர் கையிலிருந்த மண்வெட்டியைப் பறித்து, தறிகளையும் கயிற்றையும் பிடுங்கி எறிந்தார்கள். பின்னர் இறைவன் கனவில் தோன்றியதும், சோழ மன்னன் முன்னிலையில் அடிகள் பார்வை பெற, எதிர்த்தவர்கள் பார்வை இழந்ததும் எல்லோரும் அறிந்த கதை.

காலட்சேபம் செய்கிறவர்கள் இந்த முடிவுக்கு வரும்போதுதான் குரலை உயர்த்துவார்கள். மாற்றாரின் கண் பறிபோவதில் மகிழ்ச்சி கொள்ளும் சமயப் பூசல் அக்காலத்தோடு போகட்டும். எனக்கு என்னவோ அற்புதத்தைக் காட்டிலும் கயிறே பெரிதாகப் படுகிறது. பார்வை இல்லாமை அடிகளின் திருப்பணியை ஒரு நாளும் தடுக்கவில்லை. கயிற்றைப் பிடுங்கிய கைகளே தடுத்தன.

அங்கத்தில் ஊனமும் முதுமையின் தளர்ச்சியும் பூர்வஜன்ம வினையின் பயன் என்று கூறி, நம் சமயங்கள் மக்களின் இரக்கத்தை மரத்துப்போகச் செய்துவிட்டன என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதை முற்றிலும் பொய்யென்று தள்ளிவிட என்னால் இயலாது. ஆயினும் வினைக் கொள்கை என்பது, ஒருவன் தனக்கு நேர்ந்த துன்பத்தைத் தானே சிந்தித்து மனத்தைத் தேற்றிக்கொள்வதற்குப் பயன்படலாமேயன்றி, எதிர்வீட்டுக்காரனின் துன்பத்துக்குத் தீர்ப்பு எழுதுவதற்கு யாருக்கும் அதிகாரம் தரவில்லை. தனக்குக் காய்ச்சல் கண்டால் பிராரப்தம் என்று சும்மா இராமல் வைத்தியரைத் தேடி ஓடுகிறவன், பிறர் விஷயத்தில் மட்டும் தத்துவம் பேசுவது ஞானமாகாது. எல்லாமே வினைவழி வருவதென்றால் அண்டை வீட்டாரின் உதவியும் அவ்வழியே வரக்கூடியதுதான்; அதைத் தடுக்க அக்கொள்கையில் இடமே இல்லை.

கல்நெஞ்சைக் கடிந்துகொள்வது எளிது; அதைவிட நுட்பமான பிழை தர்மசிந்தையிலேயே ஒளிந்திருக்கிறது. பிறந்தநாளன்று முதியோர் இல்லத்துக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுகிறவர்கள், இலை போட்டுப் பாயசம் பரிமாறிய பிறகு, பசியோடிருக்கும் பாட்டிமார் கைதட்டி வாழ்த்துப் பாடிப் புகைப்படம் எடுத்து முடியும் வரையில் காத்திருக்கும்படி செய்துவிடுகிறார்களே, அந்தப் புண்ணியத்தின் கணக்கு யார் பேரில் எழுதப்படுகிறது? கொடுப்பவன் கரையேறுவதற்கு வாங்குகிறவனைத் தோணியாக்கிக்கொள்ளும் தானத்தை நான் தர்மம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் நம் காலத்திலேயே உண்டு. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் தம் சொந்த ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பிறர் பரிவுக்குரியவரென்று உலகம் ஒதுக்கி வைத்திருக்கக்கூடிய ஒருவர், தென்காசியை அடுத்த அச்சிற்றூரிலிருந்து சுற்றுவட்டாரக் கிராமத்துக் குழந்தைகளுக்குப் பயிற்சியும் பள்ளியும் கிடைக்க வழி செய்தார். அவர் கட்டியதும் அடிகள் கட்டியது போன்ற கயிறுதான்.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 70 வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீட்டுக்கே கொண்டு சேர்க்க 2025 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய திட்டத்துக்குத் தாயுமானவர் என்று பெயரிட்டிருக்கிறார்கள். காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர முடியாத பெண்ணுக்குத் தானே தாயாக வந்து பேறுகாலம் பார்த்த சிராப்பள்ளிப் பெருமானின் பெயர் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. ஆனால் அரிசி வீடு தேடி வந்துவிடுவதனால், கடையின் உயர்ந்த படியை அப்படியே விட்டுவிடலாம் என்று எண்ணுவது தவறு. கடைக்குப் போய் நாலு பேரைப் பார்த்துப் பேசித் தன் சாமானைத் தானே வாங்கிவர விரும்பும் கிழவருக்குச் சாய்தளமும் கைப்பிடியும் வேண்டும். மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் உறுப்பினராக நியமிப்பதற்கான திருத்தத்தை அதே ஆண்டு ஏப்ரலில் சட்டப்பேரவை நிறைவேற்றியதை அத்திட்டத்தைக் காட்டிலும் பெரிய காரியமென்று நான் கருதுகிறேன். படி எவ்வளவு உயரம் என்று மன்றத்துக்குச் சொல்ல, அதில் ஏறமுடியாதவரைவிடத் தகுதியுடையவர் யார்?

முதியோர் நிலையில் இத்தகைய குரல் இன்னும் அருகியே இருக்கிறது. பெற்ற மகன்மேல் புகார் கொடுப்பது குலத்துக்கே இழுக்கு என்று எண்ணி, வீட்டை அவன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் முடங்கியிருக்கும் தாய்மார் பலர். பெற்றோர், முதியோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஜீவனாம்சம் கோரிக் கோட்டாட்சியர் தலைமையிலுள்ள தீர்ப்பாயத்தில் அவர்கள் மனுச் செய்யலாம். பராமரிப்பதாக நிபந்தனை வைத்து எழுதிய தானபத்திரத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் ரத்துசெய்யவும் அச்சட்டத்தில் இடமுண்டு. முதியவரால் இயலாதபோது, அவர் அதிகாரம் அளிக்கும் வேறொருவரோ ஒரு தொண்டு நிறுவனமோ அவருக்காக மனுக் கொடுக்கலாம். வக்கீல் வைக்க வேண்டிய அவசியமில்லை. மகனை நீதியின் முன் நிறுத்துவது தாய்மைக்கு அபசாரம் என்று எவரேனும் சொல்வாராயின், தாயைப் பட்டினி போடும் பாவத்திலிருந்து அவனைத் தடுப்பதும் அவனுக்குச் செய்யும் நன்மைதான் என்பது என் விடை.

திருப்பணிக்கும் கும்பாபிஷேகத்துக்கும் குழு அமைத்து ஊர்ப்பணம் திரட்டத் தெரிந்த நம்மவர்கள், தெருவுக்கு ஒருவரை முதியவர்களின் மனுவுக்குத் துணைநிற்பதற்கென்று நியமித்துக்கொள்ளலாகாதா? முதியவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதி, குறைதீர்க்கும் நாளான திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு அவரை அழைத்துச் சென்று, அவர் பேசும்போது குறுக்கிடாமல் பக்கத்தில் நிற்கக்கூடியவராக இருந்தால் போதும். அடுத்த முறை உங்கள் ஊர்க் குழு கூடும்போது இதையும் ஒரு விஷயமாக எடுத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன்.