கண்ட இடமும் முடிவெடுக்கும் இடமும்

தொண்டாமுத்தூர்ப் பக்கம் நொய்யலில் சித்திரைச்சாவடி அணைக்கட்டு இருக்கிறது. அங்கே பிரியும் வாய்க்கால் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி என்று குளம் குளமாக நிரப்பிக்கொண்டு கோவைக்குள் வருகிறது. குளத்துக்குக் கரை போட்டவர்கள் கூடவே கலிங்கும் வைத்தார்கள். தனக்கு மிஞ்சிய தண்ணீரைக் குளம் அடுத்ததற்கு விட்டுவிடும். கணினி மொழியை வடிவமைப்பவருக்கும் இதே கேள்விதான்: ஒரு ஃபங்ஷன் தனக்கு மிஞ்சியதை யாரிடம், எப்படி ஒப்படைப்பது?

1960களில் பிஎல்/1 மொழி தொடங்கி எத்தனையோ விடைகள் வந்துவிட்டன. பார்பரா லிஸ்கோவின் குளூ மொழியில் ஒரு ஃபங்ஷனில் எழும் எக்ஸப்ஷன், அதாவது ‘இது எனக்கு மிஞ்சியது’ என்ற அறிவிப்பு, அந்த ஃபங்ஷனை அழைத்தவரிடம் மட்டுமே போகும். அதற்கு மேலே போக வேண்டுமானால் அவரே எழுதி அனுப்ப வேண்டும். ஜாவா ஒருபடி மேலே போய், கையாளு அல்லது அறிவி என்று கட்டாயப்படுத்தியது. நல்ல எண்ணம்தான். ஆனால் கம்பைலரின் வாயை அடைக்க, பிழையைப் பிடித்து ஒன்றுமே செய்யாத வெற்று கேட்ச் எழுதும் பழக்கம் அதிலிருந்து பரவியது. பிழை அங்கேயே புதைந்துவிடும். வெளியே எல்லாம் சரியாக ஓடுவதுபோலத் தெரியும்.

1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி 40 வினாடிக்குள் சிதறியதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 64 பிட் மிதவைப் புள்ளி எண் ஒன்று 16 பிட் முழு எண்ணுக்குள் அடங்கவில்லை. எழுந்த எக்ஸப்ஷனை யாரும் விழுங்கவில்லை. எந்த எக்ஸப்ஷன் வந்தாலும் கணினியை நிறுத்திவிடு என்று விதியே இருந்தது, அதன்படி நின்றது. மாற்றுக் கணினியும் அதே காரணத்தால் சற்று முன்பே நின்றிருந்தது. இத்தனைக்கும் அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது. ஓர் எண் அடங்கவில்லை என்பது மட்டுமே தெரிந்த இடம், முழு ராக்கெட்டுக்கும் தீர்ப்பு எழுதிவிட்டது.

பிழையைக் காணும் இடத்துக்குப் பெரும்பாலும் அதன் பொருள் தெரியாது. பொருள் தெரிந்த இடம் தொலைவில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே மொழி போட்டுத்தரும் பாதைதான் எக்ஸப்ஷன் இலக்கணம். அது படிப்பவர் கண்ணில் பட வேண்டும். ரஸ்ட் மொழி ஒரே ஒரு கேள்விக்குறியில் அதைச் செய்திருப்பது எனக்குப் பிடிக்கிறது: இந்த வரி தோற்கலாம், தோற்றால் மேலே போகும் என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது.

இன்று புதிய மொழி ஒன்றை உருவாக்குபவர் வெற்று கேட்ச்சை ஏற்கவே கூடாது என்பேன். பிழையை விட்டுவிடுவதானால், ஏன் விடுகிறோம் என்று ஒரு வரி எழுத வைக்க வேண்டும். அதை எழுத உட்காரும்போதுதான் பலருக்கு, அந்த முடிவு தம்முடையதே அல்ல என்பது புரியும்.