கோடை விடுமுறையும் ஐந்தாம் விரதமும்

மிகுபொருள் விரும்பாமை என்னும் ஐந்தாம் அணுவிரதத்தைப் பொன்னுக்கும் நிலத்துக்குமே உரியதாக நாம் கருதுகிறோம். கோடை விடுமுறையில் நீச்சல், ஓவியம், கணினி எனக் குழந்தைகளுக்குப் பயிற்சிகளைச் சேர்த்துக்கொண்டே போவதும், அதற்காக ஓடிக் களைத்து அவர்களையே கடிந்துகொள்வதும் பற்றன்றி வேறென்ன? திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டுகளோடு இல்லம் திரும்பி, நாமும் அவ்வாறு கடிந்ததுண்டு. அவ்விடுமுறைகள் மீண்டும் வாரா.

ஒருநாள் விடியலில் வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். படிகளைக் குழந்தைகளே எண்ணட்டும். குந்தகுந்தர் திருவடிகளை வணங்கி இறங்கி, மரநிழலில் கட்டுச்சோறு உண்ணலாம். (நீரை வடிகட்ட மறவாதீர்!) மற்றை நாள்களில், கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் நம் வழக்கத்தால் மாலைப்பொழுது முழுதும் கைக்கு மிஞ்சுகிறது. முற்றத்தில் பாய் விரித்து அமருங்கள். கதை தெரியாவிடினும் தாழ்வில்லை. பஞ்ச நமஸ்காரத்தை மழலை வாய் சொல்லக் கேட்டிருங்கள்.