நிகழாத கணம்

சினிமா ஃபிலிம் விநாடிக்கு 24 படங்களாக ஓடுவது. அமெரிக்க டெலிவிஷனுக்கோ விநாடிக்குச் சுமார் 30 ஃபிரேம் வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒற்றைப்படை வரிகள் ஒரு பாதி, இரட்டைப்படை வரிகள் மறு பாதி. எனவே ஒரு படத்தை இரண்டு பாதிகளிலும் அடுத்ததை மூன்றிலுமாக மாற்றி மாற்றிப் பரப்பினார்கள். புல்டவுன் என்பது இதுதான். நான்கு படங்கள் ஐந்து ஃபிரேம்களாகும். அவற்றில் இரண்டு கலப்பு: பாதி ஒரு படம், பாதி அடுத்த படம்.

இந்தக் கலப்பு ஃபிரேம் என்னை உறுத்துகிறது. அதன் இரு பாதிகளும் காமிரா கண்ட உண்மைகள். ஆனால் இரண்டும் கூடிய அந்தக் கணம் உலகில் நிகழவே இல்லை. பொய் சொன்னவர் யாருமில்லை, பொய் இருக்கிறது.

எடிட்டிங்குக்கு முன்பே இவற்றைக் களையவேண்டும் என்பது தொழில் விதி. அதுவரை ஐந்தைந்தாக ஓர் ஒழுங்கு இருக்கிறது. இட்டு நிரப்பியது எது என்று அதை வைத்தே கணக்கிட்டுவிடலாம். வெட்டி ஒட்டியபின் ஒவ்வொரு வெட்டிலும் அந்த ஒழுங்கு குலைகிறது. தன் மறு பாதியை வெட்டுக்கு அப்பால் இழந்த படம் முழுசாகத் திரும்புவதில்லை.

2002இல் வந்த பானசோனிக் டிவிஎக்ஸ்100 காமிராவின் ஒரு முறையில் கலப்பு ஐந்துக்கு ஒன்றுதான். அதை அப்படியே எறிந்துவிட்டால் நான்கு படங்களும் முழுசாக மிஞ்சும். நிரப்பும்போதே களையும் வழியையும் வைத்த நிரப்பல்.

சாட்சியத்தைத் தொகுப்பவனிடமும் சரித்திரம் எழுதுகிறவனிடமும் நான் எதிர்பார்ப்பது இவ்வளவே. இடைவெளியை நிரப்பாமல் எவனாலும் சொல்லமுடியாது. நிரப்பியதைப் பிறன் கண்டு நீக்குவதற்கான தடயத்தையும் அழித்துவிடுகிற இடத்தில்தான் அறம் பிசகுகிறது என்று எனக்குப் படுகிறது.