கிளர்ந்த அணுவும் சூழ்ந்த தகடும்

ஒரு பொருளின்கண் ஒரு செயலைக் கண்டவிடத்து, அஃது அப்பொருட்கே உரிய இயல்போ, அது நிற்கும் இடத்தான் வந்ததோ என்னும் வினா நம் தருக்க நூலார்க்குப் புதியதன்று. மண், தண்டசக்கரம், குயவன் என மூவகைக் காரணம் கூறி அவர் அமைதி கண்டனர். இவ்வினாவை இக்காலப் பௌதிக நூல் வேறொரு முகத்தான் எழுப்பியிருத்தலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஓர் அணு ஆற்றலை ஏற்றுக் கிளர்ந்து நின்றால், சிறிது காலத்தில் அதனை ஒளியாக உமிழ்ந்து தன் பழைய நிலையை எய்தும். எவரும் தூண்டாமலே நிகழும் இவ்வுமிழ்வின் விரைவுக்கு ஐன்ஸ்டைன் 1916-ஆம் ஆண்டில் ஓர் எண் வகுத்தார். அவ்வெண் அணுவின் சொந்தப் பண்பென்றே நெடுநாள் கருதப்பட்டது. 1946-இல் பர்செல் என்பார், சூழ்ந்துள்ள மின்சுற்று அவ்விரைவை மிகுவிக்கும் என ஒரு சிறு குறிப்பிற் காட்டினார். உலோகப் பரப்புக்களின் அருகே இவ்வுமிழ்வு எவ்வாறு மாறுமென்பதற்குப் பொதுவான கணிதக் கொள்கையை 1975-இல் விரித்தெழுதியவருள் நம் நாட்டு ஜி. எஸ். அகர்வால் ஒருவர், நம்மவருள் இதனை அறிந்தார் சிலரே.

பெரியபாளையத்துப் பவானியம்மன் சந்நிதியில் அன்பர் ஏற்றும் அகல்விளக்கை நினைக. அதன் பின்னே ஒரு பித்தளைத் தட்டை நிறுத்தினால், ஒளி முன்பக்கம் மிகும். எண்ணெய் முன்போலவே செலவாகும். தட்டு ஒளியைத் திருப்பிற்றேயன்றிச் சுடரை மாற்றிற்றில்லை. அணுவின் செய்தியோ அவ்வாறன்று. ஒளியலையின் நீளத்தோடு ஒப்ப நெருங்கி நிற்கும் உலோகத் தகடு, எரியும் விரைவையே மாற்றிவிடுகின்றது.

1985-இல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹூலெட், ஹில்ஃபர், கிளெப்னர் என்னும் மூவர் கிளர்ந்த சீசிய அணுக்களை இரு தகடுகளின் இடையே செலுத்தினர். அவ்வணு உமிழும் அலையின் நீளம் ஏறத்தாழ 0.45 மில்லிமீட்டர், தகடுகளின் இடைவெளி அதிற் பாதியளவு. அவ்வலை அவ்விடைவெளியில் நுழைய இயலாதபடி செய்தபோது, அணுவின் கிளர்நிலை 20 மடங்குக்குக் குறையாமல் நீடித்தது. தகடுகளையும் மிகக் குளிர்வித்தே வைத்தனர். வெம்மையுற்ற தகடு தானே கதிர் வீசி அணுவை அலைக்குமாதலின். தகட்டின் தளத்தோடு ஒத்த திசையில் அதிரும் உமிழ்வே தடைப்படும். செங்குத்தாக அதிர்வதனை அத்தகடு தடுப்பதில்லை.

அற்றேல், தொடாத தகட்டை அணு எங்ஙனம் உணரும் எனின், அவ்விடைவெளியைக் கடக்க ஒளிக்கு ஒரு நொடியின் இலட்சங்கோடியில் ஒரு கூறும் வேண்டா. உமிழ்வோ அதனினும் கோடிக்கணக்கான மடங்கு நெடிது நிகழ்வது. இனி, தகடே காரணமாயின் வெற்று வெளியில் உமிழ்வு நிகழாதாதல் வேண்டுமே எனின், வெற்று வெளி இன்மைப் பொருளன்று. ஒளி செல்லுதற்குரிய நெறிகள் ஆண்டு எண்ணிறந்தன உள. தகடு அவற்றுட் சிலவற்றை அடைக்கும். பிறிதோர் அமைப்பிற் சிலவற்றை வலுப்படுத்தும். ஆகவே அணுவின் இயல்பென முன்னர்க் கூறியது, அணுவும் திறந்த வெளியும் கூடிய இயல்பே என்பது போதரும். ஆயினும் முற்றும் சூழலின் வயத்ததென்றலும் பொருந்தாது. மிக நுண்ணிய திரிபொன்று நீங்கலாக ஒளியின் நிறம் அணுவினதே. கிளராத அணு எந்தக் கூட்டினுள்ளும் தானே ஒளிராது.

இவ்விடத்து மடங்களில் உறைவார் தம்மையே வினவற்பாலது ஒன்றுண்டு. நல்லார் இணக்கத்திற் சினம் எழாதிருத்தல், சினம் அற்றமையானா, அது வெளிப்படும் நெறி அடைபட்டமையானா? தகடுகளினிடையே தங்கிய அணு ஆற்றல் நீங்கிற்றன்று. தகடுகளைக் கடந்தவுடன் முன்னை விரைவிலேயே உமிழத் தொடங்கும். இணக்கத்தின் பயன் தடுத்தல் மட்டுமே எனின், அது தகட்டின் பயனோடு ஒக்கும்.

எனினும் இவ்வுவமை ஓரெல்லைக்கு மேற் செல்லாது. தகடுகளினிடையே எத்துணைக் காலம் நின்றாலும் அணு எதனையும் பயில்வதில்லை. வெளிவந்த அணுவுக்கும் என்றுமே உட்புகாத அணுவுக்கும் வேற்றுமை யாதுமில்லை. உயிரோ தான் சார்ந்ததன் தன்மையைத் தனதாக்கிக்கொள்வது. அத்தன்மை எத்துணைக் காலச் சார்பினால் நிலைபெறும் என்பதை அளக்க எந்தக் கருவியும் அமைந்திலது.